போர்வெல்ல இன்னும் ஆழமா இறக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு

கடலூர்ல போர், மோட்டார் வேலை பாத்து 18 வருஷமாச்சு. சித்திரை பொறந்தா போன்ல ஒரே கேள்விதான், "அண்ணே தண்ணி உப்பா வருது, இன்னும் 50 அடி இறக்கிடலாமா?"

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீடு, 60 அடி போர். தண்ணில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர வச்சா லிட்டருக்கு 2,300 மில்லிகிராம் காட்டுது. குடிக்கிற தண்ணி 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும் போகலாம்னு நம்ம நாட்டு தரக்கணக்கு சொல்லுது. அந்த வீட்டம்மா, ரெண்டு வருஷம் முன்னாடி இதே தண்ணில பருப்பு பூ மாதிரி வெந்துச்சுப்பான்னாங்க. அப்புறம் விசாரிச்சா, மாடி கட்டி ரெண்டு குடி வாடகைக்கு விட்டப்ப அரை ஹெச்பி மோட்டார எடுத்துட்டு ஒன்றரை ஹெச்பி மாட்டிருக்காங்க, அங்கதான் வந்துச்சு வினை.

கடலோர மணல்ல நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துட்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும்ங்கறது ரொம்ப பழைய கணக்கு, அதையே திருப்பிப் பாருங்க, பெரிய மோட்டார் இழுத்து மேல 1 அடி நிரந்தரமா இறங்குனா கீழருந்து உப்பு 40 அடி ஏறி வரும். அப்புறம் ஆழமா போறதுன்னா உப்பத் தேடிப் போறதுதான். (களிமண் அடுக்குக்கு கீழ இருக்க மணற்பாறைத் தண்ணி வேற கதை, அதுக்கு மேல இருக்க உப்பு உள்ள வராம நல்லா சீல் பண்ண கேசிங் பைப் வேணும், செலவும் வேற.)

உப்ப வடிகட்டுற ஆர்ஓ மெஷின் போட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. வீட்டு மெஷின் 1 லிட்டர் குடுக்க ரெண்டு மூணு லிட்டர சாக்கடைல விடும், அதுவும் அதே போர்லருந்து இழுத்த தண்ணிதான். நான் சொல்றது சின்ன மோட்டார், டைமர் வச்சு விட்டு விட்டு ஓட்டுறது. 500 ரூபா பக்கம் ஆகுற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி மாசம் ஒருதரம் சுவத்துல எழுதி வைங்க, நம்பர் ஏற ஆரம்பிச்சா நாக்குக்கு தெரியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

அடுத்து மழை. 1,000 சதுர அடி மொட்டமாடில 100 மில்லிமீட்டர் பெஞ்சா 9,000 லிட்டருக்கு மேல, ஐப்பசி கார்த்திகைல நம்மூருக்கு அது ஒரு நாள் மழை. 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்ப எல்லார் வீட்லயும் பைப் ஏறுச்சு, இப்ப போய் பாத்தா பைப் மட்டும் தரை வரைக்கும் நிக்குது, தண்ணி மண்ணுக்குள்ள இறங்குற குழி எங்கன்னா மேல டைல்ஸ் ஒட்டிருக்கு! குழி இருந்தாலும் அதுல வடிகட்ட போட்ட மேல் மணல எடுத்து கழுவிப் போடலன்னா பாசி அடைச்சு தண்ணி இறங்காது. முதல் மழைய வெளிய விட்ருங்க, காக்கா எச்சம் தூசியெல்லாம் போவட்டும், ஃபில்டர் இல்லாம நேரா போர்குள்ள மட்டும் விட்றாதீங்க.

அந்தம்மா வீட்ல மோட்டார மாத்தியாச்சு, பழைய உறைக்கிணத்துக்கு மாடி பைப்ப திருப்பியாச்சு. போன வாரம் மீட்டர் 2,100. ஒரு மழைல சரியாயிடும்னு நான் சொல்லல, இன்னும் ரெண்டு மூணு ஐப்பசி பாக்கணும்.