கருப்பட்டி போட்டால் கலோரி கிடையாதா?

"சீனியே சேக்கதில்ல டாக்டரே, கருப்பட்டிதான்." போன வாரம் மட்டும் இதைச் சொன்ன மூன்றாவது ஆள். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அதை விட்டுவிட்டேன். கருப்பட்டியை அப்படி விட முடியவில்லை.

மார்த்தாண்டத்தில் வங்கி வேலை பார்க்கும் பெண். மூன்று மாதமாக வருகிறார். ராத்திரி நான்கு தோசையை இரண்டாக்கினார், மத்தியானச் சோற்றைப் பாதியாக்கினார், நேந்திரங்காய் சிப்ஸ் பக்கம் போவதே இல்லை. எல்லாம் நோட்டில் மணிமணியான எழுத்தில் இருக்கிறது. எடை மட்டும் இறங்கவில்லை. தைராய்டும் பார்த்தாச்சு, சரியாகத்தான் இருக்கிறது. பேச்சுவாக்கில்தான் விஷயம் வந்தது. சாயங்காலம் மகனை டியூஷனில் விட்டுவிட்டு, அவன் வரும்வரை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு காபி ஷாப்பில் உட்கார்ந்திருப்பாராம். தினமும் ஒரு கருப்பட்டி கோல்ட் காபி. நோட்டில் ஏன் எழுதவில்லை? "அது குடிக்கதுதானே, சாப்பாடு இல்லல்லா."

அன்றைக்கே அந்தக் கடைக்குப் போய் கவுண்டர் பக்கத்தில் நின்றேன். பையன் மிக்ஸி ஜாரில் கெட்டிப் பால் 200 மில்லி ஊற்றினான். கருப்பட்டிப் பாகு இரண்டு கரண்டி. வனிலா ஐஸ்கிரீம் ஒரு உருண்டை. காபித்தூள் ஒரே ஒரு ஸ்பூன். அடித்து ஊற்றியபின் டம்ளரின் உள்பக்கம் சாக்லேட் சிரப்பில் ஒரு கோலம். பாலுக்கு 170, பாகுக்கு 110, ஐஸ்கிரீமுக்கு 120 என்று போட்டாலே 400 வந்துவிடுகிறது, கோலம் தனி. காபித்தூளின் பங்கு ஐந்து கலோரிகூடத் தேறாது. ஐந்தாறு இட்லி சாப்பிட்ட கணக்கு, ஆனால் வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது. தோசையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் இங்கே கொண்டுவந்து கட்டியிருக்கிறார்.

கருப்பட்டிக்கு வருவோம். நம்ம ஊர்ப் பனையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுப்பது, அதனால் நமக்கு ஒரு பாசம். எனக்கும் உண்டு. ஆனால் காய்ச்சி வற்றியபின் மிஞ்சுவதில் பெரும்பகுதி சுக்ரோஸ். சீனியிலும் அதேதான். உள்ளே போனதும் இரண்டும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்றுதான் பிரியும். குடலுக்குப் பனையும் தெரியாது, கரும்பும் தெரியாது. சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி. கருப்பட்டியில் கொஞ்சம் ஈரப்பதம் இருப்பதால் சற்றுக் குறையும், அவ்வளவுதான். இரும்புச்சத்து இருக்கே என்பார்கள். இருக்கிறது. அதைக் காபியில் கரைத்தால் அந்தக் காபியே இரும்பு உடம்பில் சேரவிடாமல் பாதி வழியில் மறிக்கும். (இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறவர்களிடம் தனியாகச் சண்டை போட வேண்டியிருக்கிறது.) நாட்டுச்சர்க்கரை, மண்டைவெல்லம், தேன் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஒவ்வொன்றாகக் கேட்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதும் இதைத்தான்: தேனும் பாகும் சர்க்கரைக் கணக்குக்குள்ளேயே வரும். ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது. அந்த இரண்டு கரண்டியிலேயே அது கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது.

சுகர் உள்ளவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்.

சரி, காபி ஷாப்புக்கே போகக்கூடாதா? தாராளமாகப் போங்கள். சின்ன கப் வாங்குங்கள். ஐஸ்கிரீமும் மேலே பிதுக்கும் கிரீமும் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். லாட்டேயைவிட கப்புச்சினோவில் பொதுவாகப் பால் குறைவு. சிரப் வேண்டுமென்றால் பாதி. பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள கடைகள் மெனுவில் கலோரியைப் போட்டாக வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி இருக்கிறது. விலையைப் பார்க்கிற கண் கொஞ்சம் தள்ளியும் பார்க்கட்டும். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் சுலைமானி என்று பால் சேர்க்காத சாயா கிடைக்கும், சீனி இல்லாமல் கேளுங்கள். சாயாக் கடையில் 'வித்தவுட்' என்றால் போதும். வாழைப்பழமும் பாலும் சீனியும் போட்டு அடிக்கிற ஷார்ஜா ஷேக்கைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அந்தப் பெண்ணை நான் காபியை விடச் சொல்லவில்லை. எங்க பாட்டா (தாத்தா) பால் விடாத கட்டஞ்சாயாவை எப்படிக் குடிப்பார் என்று சொன்னேன். புளியங்கொட்டை அளவு கருப்பட்டியைக் கடவாயில் அதக்கிக்கொள்வார். அந்தத் துண்டு கரைவதற்குள் ஒரு டம்ளர் சாயா முடிந்திருக்கும்.

நேற்று வந்தார். சூடான காபி சொல்லி, கருப்பட்டியைத் தனியாகத் தட்டில் கேட்டாராம். பையன் முழித்துவிட்டு ஒரு பெரிய துண்டாகவே கொண்டுவந்து வைத்திருக்கிறான். ஒரு ஓரத்தைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை டிஷ்யூவில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாராம். நோட்டில் அதையும் எழுதியிருந்தார்: "கருப்பட்டி, ஒரு கடி."