நம் ஊர் வெக்கை பால் பைத்தானுக்குப் போதுமா?

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதையை நாம் பழமொழியாகச் சொல்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில் அது அன்றாடம் நடக்கிறது. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருளும் சின்ன மலைப்பாம்பு) பகலெல்லாம் கரையான் புற்றிலோ எலி வளையிலோ சுருண்டு கிடக்கும், இரவில்தான் இரை தேடப் புறப்படும். விஷம் கிடையாது. வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்தடி. பயந்தால் கடிப்பதைவிட, தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்வதே அதிகம். முதல்முறையாகப் பாம்பு வளர்க்க நினைப்பவர்கள் இதைத் தேடிப் போவது அதனால்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இருப்பவருக்கு முதலில் எழும் கேள்வி, "நம் ஊரே வெக்கை, இதற்கு ஹீட்டர் வேறு எதற்கு?" என்பதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் பாம்புக்கு வேண்டியது வெறும் சூடு இல்லை, சூட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி.

பாம்பின் உடம்பு நம்முடையதைப் போலத் தானே சூட்டை உண்டாக்கிச் சீராக வைத்துக்கொள்வதில்லை, வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. இரை விழுங்கிய பாம்புக்கு 31 முதல் 33 டிகிரி வேண்டும், சும்மா கிடக்கும்போது 25, 27 போதும். காட்டில் அது புற்றுக்குள் ஓரடி நகர்ந்தாலே வேறு சூடு கிடைக்கும். நம் வீட்டுப் பெட்டியிலோ மத்தியானம் மூலைக்கு மூலை 33, விடியற்காலை மூலைக்கு மூலை 24. நகர்ந்தும் பயனில்லை. ஆகவே பெட்டியின் ஒரு பக்கம், மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) வைக்க வேண்டும். சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதைச் சொருகவே கூடாது. தரை சுடுகிறதே என்று பாம்பு சட்டென்று விலகாது, வயிறு வெந்து புண்ணாகும்வரை அங்கேயே படுத்திருக்கும். தகரக் கூரை வீடென்றால் கவலை நேர்மாறு: மத்தியானத்தில் குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே இருக்காது. பெட்டியை உள்ளறையில், தரையோடு தரையாக வையுங்கள். 35 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்? மலைப்பாம்புகளின் வயிறு பெரும்பாலான நாள் கடையை மூடிவிட்டுத்தான் இருக்கிறது. இரை உள்ளே போன பிறகே அமிலம் சுரக்கத் தொடங்கும், குடல் தடிக்கும். பர்மிய மலைப்பாம்பில் இதயமே இரண்டு மூன்று நாளில் 40 சதவீதம் வரை பெருத்துவிடுவதை 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பால் பைத்தான் அவ்வளவு பெரிய இரை தின்பதில்லை. ஆனாலும் வேலை அதே வேலைதான், அது ஓடுவது சூட்டில். சூடு குறைந்தால் எலி வயிற்றில் செரிப்பதற்குள் அழுகத் தொடங்கும், பாம்பு கக்கிவிடும். தின்ற பின் இரண்டு நாள் அதைத் தூக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வேண்டும். ஒன்றுதான் இருந்தால் குளிரோ சூடோ, பாம்பு அதிலேயே அடைந்து கிடக்கும். அதற்குப் பாதுகாப்புதான் முதலில். விலாவும் முதுகும் சுவரில் உரச வேண்டும், அவ்வளவு இறுக்கமாக இருந்தால் போதும். பார்க்க நமக்குப் பாவமாக இருக்கும். அதற்கு அதுதான் நிம்மதி.

ஈரப்பதத்தில் நம் நிலைமை குளிர்நாட்டுக்காரர்களுக்கு எதிர். அவர்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்து 60 சதவீதத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். நமக்கு மழை பெய்தாலே 80-ஐத் தாண்டிவிடும். காற்றோட்டமில்லாத பெட்டியில் விரிப்பு நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில் பழுப்பாகி அழுகும், சளியும் பிடிக்கும். பாம்புக்கு உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசை) இல்லை, நம்மைப் போல இருமிச் சளியைத் தள்ள முடியாது. வாயோரம் குமிழி, மூச்சில் விசில் சத்தம், தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, இதில் எதைப் பார்த்தாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மேலுதட்டை உற்றுப் பாருங்கள், மூக்குக்குக் கீழே இரு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். இருட்டில் இரையின் உடற்சூட்டைப் பிடிப்பவை இவைதான். இதற்குப் பின்னால் இருக்கும் புரதத்தை 2010-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு கண்டுபிடித்தது. நமக்குக் கடுகின் காரம் சுரீரென்று ஏறுவதை உணர்த்தும் அதே புரதம்தான், பாம்பில் சூட்டுக்கு விழிக்கிறது. அதனால் உறைந்த எலியை உருக்கியதோடு நிறுத்தாமல், வெந்நீரில் கதகதப்பாக்கி நீண்ட இடுக்கியில் பிடித்துக் காட்டுங்கள். கழுத்து மெதுவாக வளையும், நாக்கு வேகமெடுக்கும், அப்புறம் ஒரே பாய்ச்சல். சில்லென்ற எலியைப் பல பாம்புகள் திரும்பியும் பார்ப்பதில்லை. (எலிக்கு ஐஸ்பெட்டியில் இடம் கேட்டு அம்மாவிடம் பேசுவது உங்கள் பாடு.)

செம்பனைத் தோட்டத்தில் எலிக்கா பஞ்சம், பிடித்துப் போட்டால் ஆயிற்றே என்று தோன்றும். வேண்டாம். தோட்டங்களில் எலிக்கு ஆந்தை வளர்ப்பதுண்டு, விஷமும் வைப்பதுண்டு. அந்த விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும். அதை விழுங்கும் பாம்புக்கும் அந்த விஷம் போகும். ஒட்டுண்ணிகள் வேறு. பாட்டி சொல்கிறார் என்று பால் ஊற்றவும் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும்.

வாங்குமுன் பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அமல்படுத்துபவர்கள் அவர்கள்தான். தாள் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். தலை ஆடிக்கொண்டே இருக்கும் 'ஸ்பைடர்' என்ற நிற வகையையும் தவிர்ப்பது நல்லது. அந்த அழகான கோடுகளோடு சேர்ந்தே சமநிலைக் கோளாறும் மரபில் வருகிறது. 20, 30 ஆண்டு வாழும் உயிர் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயது தாண்டிய ஒன்று 2020-இல் முட்டையிட்டது.

ஒருநாள் அது சாப்பிடாது. வாரமாகும், மாதமும் ஆகலாம். பால் பைத்தானிடம் இது சகஜம், முக்கியமாக இனப்பெருக்கக் காலத்தில். பட்டினியைவிட எடையைப் பாருங்கள். சமையலறைத் தராசில் மாதம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைத்தால் போதும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். எல்லா விலங்கு மருத்துவரும் பாம்பைத் தொடமாட்டார்கள். பக்கத்து நகரமான ஈப்போவிலாவது யார் பார்ப்பார் என்று பாம்பு வருமுன்பே விசாரித்து வையுங்கள்.