முகடு பிரிக்கும் நீர்

குமுளி மலைமுகட்டில் பெய்யும் மழை, விழும் இடம் சில அடி தள்ளிப்போனால்கூட வேறொரு கடலுக்குப் போய்விடும். கிழக்குச் சரிவில் விழுந்தது கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, சுருளியாறாக வைகையில் கலந்து, மதுரையைக் கடந்து வங்கக்கடல் பக்கமாக ராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கி ஓடுகிறது. மேற்கே விழுந்தது பெரியாறாகி அரபிக்கடலைச் சேர்கிறது. நிலத்தை அதன் நீர் எங்கே வடிகிறது என்று பார்த்துப் பிரிக்கும் நீர்வழி வகைப்பாட்டுக்கு இந்த முகட்டுக் கோடுதான் அடிப்படை. மாவட்ட எல்லைக்கோ மாநில எல்லைக்கோ அதில் இடமில்லை.

1990-இல் வெளியான இந்திய நீர்வடிப்பகுதி வரைபடத் தொகுப்பு, நாட்டை 6 நீர்வள மண்டலங்களாகப் பிரித்தது. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகிய மூன்றும் தனித்தனி மண்டலங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் நீங்கலாக வங்கக்கடலில் சேரும் ஆறுகள் நான்காவது மண்டலம். சிந்து நீங்கலாக அரபிக்கடலில் சேர்பவை ஐந்தாவது. மேற்கு ராஜஸ்தானில் மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை ஆறாவது. இவற்றுக்குள் படிப்படியாகச் சிறிதாகும் பிரிவுகள்: 35 வடிநிலங்கள், 112 நீர்ப்பிடிப்புப் பகுதிகள், 500 துணை நீர்ப்பிடிப்புப் பகுதிகள், கடைசியாக 3237 நீர்வடிப்பகுதிகள். எண்ணும் எழுத்தும் மாறிமாறி வரும் குறியீடு ஒவ்வொன்றுக்கும் உண்டு. வைகைப் பகுதியின் குறியீடு 4 என்றே தொடங்கும்.

ஒரு பகுதியின் எல்லைக் கோடு வரைவது மேட்டிலிருந்து அல்ல, பள்ளத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆறு வெளியேறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளைக் குறுக்கே வெட்டியபடி இரு கரைகளிலும் மேடேறி, உச்சியில் இரண்டு கோடுகளையும் சேர்த்தால், அதற்குள் அடங்கிய நிலம் முழுவதும் அந்த ஆற்றுக்குரியது. மலையில் இது எளிது. சமவெளியில்தான் சிக்கல்: மதுரையின் தென்பகுதி வைகையை ஒட்டியே இருந்தாலும், அங்கே ஓடும் கிருதுமால் நதி வைகைக்குத் திரும்பாமல் குண்டாற்றை நோக்கிப் போகிறது. ஒரு சாலை மேடோ கண்மாய்க் கரையோ போதும், பெருவெள்ளத்தைத் திசைதிருப்ப.

மனிதர் வெட்டிய வழியை இந்த வகைப்பாடு கணக்கில் கொள்வதில்லை. 1895 முதல் முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே ஐந்தாம் மண்டலத்திலிருந்து நான்காம் மண்டலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. மேலூர் வயலில் அந்த நீர் பாயும்போதும், அணைக்கு நீர் தரும் 624 சதுர கிலோமீட்டர் காடு வரைபடத்தில் அரபிக்கடல் பக்கமே இருக்கிறது.