ஒலியை நினைவில் வைப்பதும் விரலை நினைவில் வைப்பதும்

முழுப் பாட்டையும் ஒரே கருவியில் கட்டிப் பதிய உதவும் மியூசிக் வொர்க்ஸ்டேஷன் கீபோர்டில் புதிதாகக் கைவைப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ராத்திரி உட்கார்ந்து ஒரு பாட்டைக் கட்டி, சேவ் கொடுத்துவிட்டு அணைப்பார்கள். மறுநாள் திறந்தால் பாட்டு ஓடும், பியானோ வாசிக்கும், பேஸ் வாசிக்கும். மைக் வைத்துப் பதிந்த கைதட்டல் மட்டும் வராது. அந்த டிராக்கில் எல்லாக் குறிப்புகளும் அப்படியே இருக்கும், சத்தம்தான் இருக்காது. கருவி பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும். பழுதெல்லாம் இல்லை. அந்தப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனி இயந்திரங்கள் இருக்கின்றன. சேமித்தது ஒன்றை மட்டும்தான்.

ஒன்று சாம்பிளர். அது ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளும். இன்னொன்று சீக்வென்சர். அதற்கு ஒலி என்றால் என்னவென்றே தெரியாது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம், எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்பதுதான் அதன் கணக்கு. கணினிக் காலத்துக்கு முன்பே இரண்டும் தனித்தனியாக இருந்தவைதான். துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால் தானாக வாசிக்கும் பியானோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புழக்கத்தில் இருந்தது; அது ஒரு சீக்வென்சர். 1963இல் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரான் ஒரு சாம்பிளர். அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா, நாடாவில் புல்லாங்குழலோ வயலினோ வாசித்த ஒற்றைச் சுரம். கட்டையை அழுத்தியதும் நாடா ஓடும். சுமார் 8 நொடியில் தீர்ந்துவிடும். அப்புறம் விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டியதுதான்.

1979இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் வெளியிட்ட ஃபேர்லைட் சிஎம்ஐ, நாடா இருந்த இடத்தில் எண்களை வைத்தது. அதன் விலைக்குப் பெரிய ஸ்டூடியோக்கள்தான் ஈடுகொடுக்க முடிந்தது. பதிந்த ஒலிகளையும் சீக்வென்சரையும் ஒரே பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கிச் செல்லும்படி செய்த கருவிகளில் பேர்போனது 1988இல் வந்த கோர்க் எம்1. ஆனால் எம்1இல் நாமாக எதையும் பதிய முடியாது. தொழிற்சாலையிலேயே 4 மெகாபைட்டில் அடைத்துக் கொடுத்த ஒலிகள்தான். வாங்கியவரே பதிந்துகொள்ளும் வசதி, பிறகு வந்த வொர்க்ஸ்டேஷன்களில் மெல்ல மெல்லச் சேர்ந்தது.

சரி, பதிவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒலி அலையைப் போலவே ஏறி இறங்கும். கருவி அதை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. இந்த வேகத்தில் பாதி அளவுள்ள அதிர்வெண் வரைதான் சரியாகப் பிடிபடும். அதைத் தாண்டிய ஒலி உள்ளே நுழைந்தால் காணாமல் போவதில்லை, வேறு ஒலியாக வேஷம் மாறி வந்து நிற்கும். நொடிக்கு 16,000 அளவீடு எடுக்கும்போது 9,000 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால், எழுதப்பட்ட எண்களில் அது 7,000 ஹெர்ட்ஸாகத் தெரியும். அதனால்தான் அளப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டி உயர் அதிர்வெண்களை வெட்டிவிடுகிறது.

ஒவ்வொரு எண்ணும் எத்தனை பிட் என்பது அடுத்த கேள்வி. 8 பிட்டில் 256 படிகள், 16 பிட்டில் 65,536 படிகள். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், பதியும்போது அளவை ஏன் கவனிக்கச் சொல்கிறார்கள் என்பது புரியும். உச்சத்துக்கு 24 டெசிபெல் கீழே பயந்து பயந்து பதிந்தால் 4 பிட் வீண். 16 பிட் கருவியில் 12 பிட் பதிவு கிடைக்கும். அதற்காக ஏற்றிக்கொண்டே போனாலும் ஆபத்துதான். உச்ச எண்ணைத் தாண்டிய அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டுவிடும், அந்தக் கரகரப்பைப் பின்னால் எதை வைத்தும் எடுக்க முடியாது.

பதிந்த ஒற்றைச் சுரத்தை விசைப்பலகை முழுவதும் பரப்புவதுதான் சாம்பிளரின் முக்கியமான வேலை. எளிய வழி, எண்களை வேகமாகவோ மெதுவாகவோ திரும்ப வாசிப்பது. இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தால் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் வேகம் சுமார் 1.0595 மடங்கு கூடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுருதியோடு சேர்ந்து எல்லாமே வேகமாகும்: சுரத்தின் தொடக்கம், அதன் நடுக்கம், மொத்த நீளம். மனிதக் குரலில் இது இன்னும் அப்பட்டமாகக் கேட்கும். நம் குரலின் குணத்தைத் தீர்மானிப்பது தொண்டை, வாய் ஆகியவற்றின் அறைகளில் எழும் ஒத்ததிர்வுகள். பாடுகிறவர் மேல் சுரத்துக்குப் போனாலும் அந்த அறைகள் சுருங்கிவிடுவதில்லை. சாம்பிளரோ அந்த ஒத்ததிர்வுகளையும் சேர்த்து மேலே தூக்கிவிடும். ஒரு ஸ்தாயி ஏற்றினால், பாதி அளவுத் தொண்டை உள்ள ஏதோ ஒரு சின்னப் பிராணி பாடுவது போலிருக்கும். ஆகவே மூன்று நான்கு அரைச்சுரத்துக்கு ஒன்று என்று பல பதிவுகள் எடுத்து, விசைப்பலகையைப் பங்குபோட்டுக் கொடுக்கிறார்கள். இதுதான் மல்டிசாம்பிள்.

ஒவ்வொரு பதிவுக்கும் 'இதன் சொந்தக் கட்டை எது' என்று கருவியிடம் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சின்ன எரிச்சல் உண்டு: மிடியில் (மின்னிசைக் கருவிகளின் பொது மொழி, பின்னால் வருகிறது) 60ஆம் எண்ணுள்ள நடுக் கட்டையை யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. ஒரு கருவியின் குறிப்புகளை வைத்துக்கொண்டு இன்னொன்றில் வேலை செய்தால் எல்லாம் ஒரு ஸ்தாயி தள்ளி ஒலிப்பது இதனால்தான்.

அடுத்தது லூப். என்னைக் கேட்டால், சாம்பிளிங்கில் காதைப் பழக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. கட்டையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒலி நீடிக்க வேண்டும், நினைவகமோ கொஞ்சம். சிடி தரத்தில் ஒற்றைத் தடமாக வைத்தாலும் 4 மெகாபைட்டில் 48 நொடிகூட அடங்காது. அதனால் சுரத்தின் தொடக்கத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடங்கி நிலைத்த பகுதியில் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறார்கள். காதும் இதற்கு ஒத்துழைக்கிறது. இது புல்லாங்குழலா பியானோவா என்று நாம் அடையாளம் காண்பதில் சுரம் தொடங்கும் கணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

லூப்பின் முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் அலை தொடர்ச்சியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கும். அலை பூஜ்ஜியக் கோட்டைக் கடக்கும் இடங்களில் வெட்டினால் போதும் என்று பல வழிகாட்டிகளில் இருக்கும். அது பாதிதான் சரி. இரண்டு இடத்திலும் அலை ஒரே திசையில் கடக்க வேண்டும், அந்த இரண்டு இடங்களிலும் ஒலியின் அளவும் நிறமும் ஒத்துப்போக வேண்டும். லூப்பின் நீளமும் சுருதியைப் பாதிக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரு சுற்று, 44,100 வேகத்தில் 100.23 அளவீடு நீளம். பின்னத்தில் வெட்ட முடியாதே என்று 100 அளவீட்டில் சுற்றவிட்டால் 441 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அதாவது தொடக்கம் ஒரு சுருதி, நீட்சி கொஞ்சம் மேலே. ஆகவே பல சுற்றுகளைச் சேர்த்து நீளமாக லூப் செய்து, சேரும் இடத்தில் ஒன்றை மங்கவிட்டு மற்றதை எழவிடுகிறார்கள். இந்த கிராஸ்ஃபேட் வசதி அநேகமாக எல்லா சாம்பிளர்களிலும் உண்டு.

இப்படித் தயாரான மல்டிசாம்பிள் இன்னும் வாத்தியம் ஆகவில்லை. ஃபில்டர் (வடிகட்டி), என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதம்), எஃபெக்ட் (எதிரொலி போன்ற சேர்க்கை) எல்லாம் சேர்ந்து, அதற்கு ஒரு எண்ணும் பெயரும் கிடைக்கும்போது அது புரோகிராம் ஆகிறது. சீக்வென்சரால் அழைக்க முடிவது அந்த எண்ணைத்தான்.

சீக்வென்சர் பக்கம் வருவோம். அதன் மொழி மிடி, 1983இல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொது வழக்கம். ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைட் செய்தி பிறக்கும்: எந்தச் சேனலில் அழுத்தல், எந்தக் கட்டை, எவ்வளவு வேகம். கட்டைக்கும் வேகத்துக்கும் 0 முதல் 127 வரை எண்கள், சேனல்கள் 16. மிடி கேபிள் வழியாக நொடிக்கு 31,250 பிட் போவதால் ஒரு செய்தி கடக்க 1 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். கட்டையை விட்டதும் இன்னொரு செய்தி. அவ்வளவுதான். நான்கு நிமிடப் பாட்டில் 5,000 சுரம் இருந்தாலும் அந்தத் தரவு சில பத்துக் கிலோபைட்டில் முடிந்துவிடும். அதே நான்கு நிமிடத்தை ஸ்டீரியோ ஒலியாகச் சிடி தரத்தில் பதிந்தால் 42 மெகாபைட்.

வாசித்த பிறகும் திருத்த முடிவது இதனால்தான். டெம்போவை (பாட்டின் வேகத்தை) மாற்றலாம், சுருதி மாறாது. சுருதியை மாற்றலாம், வேகம் மாறாது. பியானோவில் வாசித்ததை வயலினுக்குக் கொடுக்கலாம். எல்லாம் வெறும் எண்கள்.

நேரமும் எண்தான். ஓர் அடியை இத்தனை டிக் என்று சீக்வென்சர் பிரித்துக்கொள்கிறது. ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் வந்த அகாய் எம்பிசி60 என்ற சாம்பிளர்-சீக்வென்சரில் ஓர் அடிக்கு 96 டிக். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு டிக் 5.2 மில்லிநொடி ஆகிறது. 480 டிக் வைக்கும் இன்றைய கருவிகளில் சுமார் 1 மில்லிநொடி. குவான்டைஸ் என்றால் விரல் விழுந்த டிக்கை அருகிலுள்ள கட்டத்துக்கு இழுத்துவிடுவது. ஸ்விங் என்றால் இரண்டிரண்டாக வரும் பதினாறாம் பங்குச் சுரங்களில் இரண்டாவதைப் பின்னால் தள்ளுவது. 120 வேகத்தில் ஒரு ஜோடிக்கு 250 மில்லிநொடி. 50 சதவீதத்தில் இரண்டாவது சுரம் 125இல் விழும், 58இல் 145இல் விழும். வெறும் 20 மில்லிநொடிதான், ஆனால் தலை ஆட வைப்பதும் வைக்காததும் அதில் இருக்கிறது. லின் 1980இல் வெளியிட்ட எல்எம்-1 டிரம் இயந்திரத்திலேயே இந்த இரண்டு வசதியும் இருந்தன.

குவான்டைஸை 100 சதவீதத்தில் வைப்பது பழகுகிறவர்களின் முதல் ஆசை. கிக் டிரம்முக்கு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அது பொருந்தும். பியானோவுக்கு வேண்டாம் என்பேன். ஐந்து விரல்கள் ஒரே டிக்கில் விழும்போது கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தட்டையாகக் கேட்கும். பாதி வலிமையில் இழுத்தால் தப்பு குறையும், கை அடையாளம் மிஞ்சும்.

சேமிப்பு விஷயத்தை 1999இல் வந்த கோர்க் ட்ரைட்டனை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். அதில் மூன்று வகைக் கோப்புகள். எஸ்என்ஜி கோப்பில் சீக்வென்சரின் பாட்டு. பிசிஜி கோப்பில் புரோகிராம்கள். கேஎஸ்சி கோப்பின் வழியாகச் சாம்பிள்கள். சாம்பிள்கள் இருப்பது தற்காலிக நினைவகத்தில். நொடிக்கு 48,000 அளவீடு என்ற வேகத்தில், 16 மெகாபைட்டில் ஒற்றைத் தடமாக 2 நிமிடம் 54 நொடி. மின்சாரம் போனால் அதுவும் போச்சு. பாட்டை மட்டும் சேமித்தவருக்கு மறுநாள் மிஞ்சுவது 'இந்த எண்ணுள்ள புரோகிராமை அழை' என்ற கட்டளை மட்டுமே. அந்தப் புரோகிராம் தேடிப்போகும் கைதட்டல் எங்கும் இல்லை. நிரந்தர நினைவகம் வைத்த புதிய கருவிகளில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. இருந்தாலும் பாட்டு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் என்ற அமைப்பு அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு இயந்திரமும் உரசிக்கொள்வது டிரம் லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடப் பதிந்த டிரம் வாசிப்பில். நான்கு ஆவர்த்தனம், மொத்தம் 16 அடி, 120 வேகத்தில் சாம்பிள் செய்தால் நீளம் சரியாக 8 நொடி. சீக்வென்சரில் டெம்போவை 126 ஆக்கினால் 16 அடிக்கு 7.62 நொடிதான் ஆகும். சீக்வென்சர் முன்னால் போய்விடும், சாம்பிள் இன்னும் பழைய 8 நொடியை இழுத்துக்கொண்டிருக்கும். சாம்பிளை வேகமாக வாசித்து ஈடுகட்டினால் டிரம்மின் சுருதி கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரம் ஏறிவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. லூப்பை அடி விழும் இடங்களில் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கட்டைக்குக் கொடுத்துவிடு. எந்தத் துண்டு எப்போது என்ற வரிசையைச் சீக்வென்சரில் எழுதிவிடு. இப்போது ஒலி ஒரு பக்கம், நேரம் இன்னொரு பக்கம். டெம்போவை மாற்றினால் துண்டுகளுக்கு இடையிலான தூரம்தான் மாறும், சுருதி மாறாது. 1994இல் ஸ்வீடனின் புரொபெல்லர்ஹெட் வெளியிட்ட ரீசைக்கிள் மென்பொருள் இந்த முறையைப் பரப்பியது. ட்ரைட்டனில் டைம் ஸ்லைஸ் என்ற பெயரில் உள்ளேயே இருந்தது. ரொம்ப மெதுவாக ஓட்டினால் துண்டுகளுக்கு நடுவே வெற்றிடம் திறந்துகொள்ளும், அதை நிரப்ப ஒவ்வொரு துண்டின் வாலையும் செயற்கையாக நீட்ட வேண்டியிருக்கும். சிம்பலில் இந்த ஒட்டுவேலை சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். கிக், ஸ்னேரில் அவ்வளவாகத் தெரியாது.

எதிர்த்திசையிலும் போகலாம். பல டிராக்குகளில் கட்டிய பகுதியை ஓடவிட்டு, வெளிவரும் ஒலியையே மறுபடி சாம்பிள் செய்வது ரீசாம்பிளிங். கருவியால் ஒரே நேரத்தில் இத்தனை 'குரல்' (தனித்தனி ஒலி) மட்டுமே ஒலிக்க முடியும் என்ற வரம்பு உண்டு; எம்1இல் அது 16. பெடலை மிதித்து ஒரு பியானோ வாசித்தாலே அது தீர்ந்து, பழைய சுரங்கள் பாதியில் அறுபடும். நான்கு டிராக்குகளை ஒரே ஸ்டீரியோ சாம்பிளாக்கிவிட்டால் மொத்தத்துக்கும் இரண்டு குரல் போதும், எஃபெக்ட்டும் ஒலியோடு சேர்ந்து உறைந்துவிடும். கூடவே சுரங்களும் உறைந்துவிடும்: டெம்போவையோ ஒரு தப்பு விரலையோ மாற்ற அந்தச் சாம்பிளுக்குள் வழி கிடையாது. அதனால் ரீசாம்பிள் செய்தவர்கள் பழைய டிராக்குகளை அழிப்பதில்லை, மியூட் செய்து அப்படியே விட்டுவைக்கிறார்கள்.