நியூட்ரல் ஆயில்னா என்னங்க? நடுநிலை எண்ணெயா, மணமில்லா எண்ணெயா?

மயோனைஸ் ரெசிபி எந்த வீடியோவுல பாத்தாலும் முட்டை, வினிகர், பூண்டு எல்லாத்தையும் பொறுமையா சொல்லிட்டு எண்ணெய்க்கு வரும்போது மட்டும் "ஒன் கப் நியூட்ரல் ஆயில்"னு போட்டுட்டு போயிருவாங்க. தமிழ்ல சப்டைட்டில் போடறவங்க அதை அப்படியே "நடுநிலை எண்ணெய்"னு ஆக்கி வெச்சிருக்காங்க, படிச்சா ஏதோ பஞ்சாயத்துல எந்தப் பக்கமும் சேராம திண்ணைல உக்காந்திருக்கற பெரியவர் மாதிரி இருக்குது. இந்த எண்ணெய் கடைல எந்த பேர்ல கெடைக்கும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

சமையல்ல நியூட்ரல்னா அர்த்தம் ரொம்ப சிம்பிள்ங்க. தனக்குன்னு வாசமோ ருசியோ இல்லாத எண்ணெய், அவ்வளவுதான். பூண்டு, எலுமிச்சை, மொளகுதான் நாக்குல தெரியோணும், எண்ணெய் எதுன்னு சாப்புடறவங்களுக்கு தெரியவே கூடாது. வெளிநாட்டு ரெசிபில இதுக்கு கனோலானு போட்டிருப்பாங்க. கனோலாங்கறது வேற ஒண்ணுமில்லீங்க, கடுகு குடும்பத்துச் செடி, எரூசிக் அமிலம்ங்கற ஒரு கொழுப்பு அமிலம் கம்மியா இருக்கற மாதிரி கனடாக்காரங்க 1970-கள்ல வளத்தெடுத்த வகை, அவங்க நாட்டுப் பேர்ல இருந்தே "கன்"னை எடுத்து பேரு வெச்சுட்டாங்க. அதைத் தேடிட்டு கோயம்புத்தூர் சூப்பர் மார்க்கெட் பூரா அலைய வேண்டியதில்லை.

நியூட்ரல்ங்கற வார்த்தை லத்தீன்ல இருந்து வருது. அங்க "நெ"னா இல்லை, "உட்டெர்"னா ரெண்டுல ஒண்ணு, சேத்தா ரெண்டுல எதுவும் இல்லைனு அர்த்தம். ஆணும் இல்லை பொண்ணும் இல்லைங்கற இலக்கணப் பாலுக்கு அந்த வார்த்தை போச்சு, சண்டைல எந்தப் பக்கமும் சேராத நாட்டுக்குப் போச்சு, அமிலமும் இல்லாம காரமும் இல்லாம இருக்கற கரைசலுக்கும் போச்சு. நம்ம ஸ்கூல் புக்ல நடுநிலைக் கரைசல்னு படிச்சமே, அது இந்தக் கடைசி அர்த்தம். சப்டைட்டில் போட்டவங்க அங்கிருந்து எடுத்துட்டாங்க போல. ஆனா லிட்மஸ் தாள் வெச்சுப் பாக்கற அந்தக் கணக்கு தண்ணில கரைஞ்சதுக்குத்தான் பொருந்தும், எண்ணெய்க்கு அது சரிவராது.

இதுல இன்னொரு குழப்பமும் இருக்குது. ரீஃபைண்டு ஆயில் தயாரிக்கற ஆலைல நியூட்ரலைசிங்னு ஒரு வேலை நெசமாலுமே நடக்குது, ஆனா அதுக்கும் சமையல் நியூட்ரலுக்கும் சம்பந்தம் கம்மி. மொதல்ல எண்ணெய்ல இருக்கற பசையை எடுப்பாங்க, அப்பறம் காஸ்டிக் சோடா விட்டு அதுல பிரிஞ்சு கெடக்கற கொழுப்பு அமிலத்தை சோப்பா மாத்தி ஒதுக்குவாங்க, இதுதான் அந்த நியூட்ரலைசிங். அப்பறம் ஒரு வகை களிமண்ணுல போட்டு நிறத்தை எடுப்பாங்க. கடைசியாத்தான் காத்தை உறிஞ்சி எடுத்த தொட்டில 200 டிகிரிக்கு மேல சூடு பண்ணி நீராவி விட்டு வாசத்தைப் பிரிச்செடுக்கறது. இந்தக் கடைசி வேலைக்கு டீஓடரைசிங்னு பேரு. ரெசிபிக்காரங்க கேக்கறது இந்த வேலை முடிஞ்ச எண்ணெயைத்தான். அதனால அதை "நடுநிலை"னு சொன்னா ஆலைக்காரங்க ஒண்ணு நெனைப்பாங்க, அடுப்படில இருக்கறவங்க இன்னொண்ணு நெனைப்பாங்க.

சரி, எண்ணெய்ங்கற வார்த்தையையும் பாத்துருவோம், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்குது. எள் + நெய் = எண்ணெய். பழைய தமிழ்ல நெய்னா பசு நெய் மட்டும் இல்லீங்க, வழவழனு ஒழுகற கொழுப்பு எதுவா இருந்தாலும் நெய்தான். அப்படிப் பாத்தா எண்ணெய்னு சும்மா சொன்னாலே அது எள்ளுல இருந்து எடுத்ததுதான். தெலுங்குல நூனெனு சொல்றதுலயும் எள்ளோட பேரும் நெய்யும்தான் உள்ள இருக்குது. அப்பறம் தேங்காய்ல எடுத்தாங்க, கடலைல எடுத்தாங்க, எல்லாத்துக்கும் அந்தப் பேரையே மாட்டி விட்டாங்க, பாவம் பொறந்த வீட்டுக்காரனுக்கு பேரு இல்லாம போச்சு, அதனால அதுக்கு மட்டும் "நல்ல"னு முன்னாடி ஒட்டி நல்லெண்ணெய் ஆக்கிட்டாங்கனுதான் எனக்குத் தோணுது. இப்பவும் "சனிக்கெழமை எண்ணெ தேச்சுக் குளி கண்ணு"னு அமுச்சி, அதாவது பாட்டி, சொன்னா நீங்க எந்த பாட்டிலை எடுப்பீங்க? சூரியகாந்தியையா எடுப்பீங்க? நல்லெண்ணெய்தான். அந்த ஒரு இடத்துல மட்டும் பழைய அர்த்தம் அப்படியே உக்காந்திருக்குது. சீமெண்ணெயைப் பாருங்க, மண்ணெண்ணெய்னு புஸ்தகத்துல எழுதறது, அதுல ஒரு எள்ளு கூட கெடையாது, ஆனா பேருக்குள்ள எள்ளு இருக்குது.

இங்கிலீஷ்லயும் இதே கதைதான். ஆயில்ங்கறது லத்தீன் "ஓலியம்"ல இருந்து வந்துச்சு, அது கிரேக்கத்துல ஒலிவ மரத்துக்கு இருந்த பேர்ல இருந்து வந்துச்சு. ஆக ஆயில்னாலே ஒலிவ எண்ணெய்தான், "ஆலிவ் ஆயில்"னா ஒலிவ ஒலிவம்னு சொல்றது மாதிரி ஆகிப்போகுது. அவங்க ஊர்ல எது வெளைஞ்சுதோ அது பேரு, நம்ம ஊர்ல எது வெளைஞ்சுதோ அது பேரு. ரெண்டு பக்கமும் எண்ணெய்னா ஒரு செடியோட வாசத்தோடதான் இருந்துச்சு. வாசமில்லாத எண்ணெய்ங்கறது ஆலை வந்த பொறகு வந்த சரக்கு, அதனாலதான் அதுக்கு நம்ம பாஷைல பழைய பேரு இல்லை.

அதுவும் நம்ம கொங்கு பக்கம் எண்ணெய்னா மூக்காலதான் வாங்கறது. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் களத்துல கொப்பரை காயறப்ப ரோட்டுல போனாலே தெரியும், சிவகிரில எள்ளு ஏலம், பெருந்துறைல கொப்பரை ஏலம்னு வாரா வாரம் ஓடுது. காங்கயம் ரோட்டுல ஒரு மரச்செக்குக் கடைல போய் நானு வேணும்னே கேட்டேன், "ஏனுங்கண்ணா, வாசமே இல்லாத எண்ணெ இருக்குதுங்களா?" அவரு புண்ணாக்கை அள்ளிட்டே நிமுந்து பாத்து, "வாசம் வேண்டாம்னா அதை எதுக்குங்க அம்முணி நானு ஆட்டோணும்"னாரு. அவரு சொன்னது நெசந்தான். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு சுமாரா ரெண்டரை கிலோ நெலக்கடலப்பருப்பு போடோணும், எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி சேக்கோணும், ஆட்டி எடுத்ததை வெயில்ல வெச்சு மண்டி அடில தங்கின பொறவு மேலாப்புல தெளிவை எடுக்கோணும். இத்தனை வேலையும் அந்த வாசத்துக்குத்தானுங்க.

அப்பறம் மயோனைஸ்க்கு மட்டும் ஏன் வாசமில்லாதது வேணுங்கறாங்க? கொழம்புல நாம ஊத்தறது ரெண்டு மூணு கரண்டி, அதுவும் தாளிக்கற வாசத்துக்கு. மயோனைஸ்ல முக்கால்வாசியே எண்ணெய்தான். அமெரிக்காவுல 65 சதவீதமாவது தாவர எண்ணெய் இருந்தாத்தான் அந்தப் பேர்லயே விக்க முடியும்னு சட்டம் இருக்குது. கொஞ்சூண்டு வினிகர் தண்ணிக்குள்ள எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளித்துளியா மெதக்குது, மஞ்சக்கருவுல இருக்கற லெசித்தினும் புரதமும் ஒவ்வொரு துளியையும் சுத்தி நின்னு ஒண்ணோட ஒண்ணு சேர விடாம தடுக்குது. இப்படி எண்ணெயும் தண்ணியும் கலந்து நிக்கறதுக்கு எமல்ஷன்னு பேரு, தமிழ்ப் பாடபுஸ்தகத்துல பால்மம்னு நல்ல சொல்லு இருக்குது, பாலே அப்படித்தான் நிக்குதுங்கறதால. மயோனைஸ்ங்கற பேரு பிரெஞ்சு. 1756-ல பிரெஞ்சுக்காரங்க புடிச்ச மஹோன் துறைமுகத்துல இருந்து வந்துச்சுனு ஒரு கதை, மஞ்சக்கருவுக்கு இருந்த பழைய பிரெஞ்சு பேர்ல இருந்துனு இன்னொரு கதை, மொழிக்காரங்க இன்னும் ஒத்துப்போகலை. தமிழ்ல முட்டைக் குழைவு அது இதுனு புதுசா பேரு வெக்கறதுல எனக்கு இஷ்டம் இல்லை, மயோனைஸ் மயோனைஸாவே இருக்கட்டும்.

இப்ப எந்த எண்ணெய்னு பாக்கலாம். மரச்செக்கு தேங்காண்ணெய்ல பண்ணா அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும், ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்கனா கல்லாட்டம் ஆயிரும், ஏன்னா 24 டிகிரிக்குக் கீழ போனாலே அது ஒறைய ஆரம்பிச்சுரும், மார்கழில சீசாவுக்குள்ள ஒறைஞ்சு நிக்குமே அதேதான். நல்லெண்ணெய்ல பண்ணா எள்ளு வாசமும் லேசான கசப்பும் மத்த எல்லாத்தையும் அமுக்கிரும். எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் ஆயில் காசு குடுத்து வாங்கி மிக்சில அடிச்சா கசந்து போகும், பிளேடு வேகத்துல அதுல இருக்கற கசப்புப் பொருள் வெளிய வந்துருது, கைல அடிச்சா அந்தளவுக்கு இல்லை. பாமாயில் ஃப்ரிட்ஜ்ல கட்டி கட்டியா திரிஞ்சு நிக்கும். மிச்சம் இருக்கறது ரீஃபைண்டு சூரியகாந்தி, ரீஃபைண்டு கடலெண்ணெய், தவிட்டெண்ணெய். இந்த மூணுல எது இருந்தாலும் போதும். ரைஸ் பிரான்னு லேபிள்ல போட்டிருக்கறது நம்ம அரிசித் தவிடுதாங்க, பயந்துக்காதீங்க. செக்கு கடலெண்ணெய் வாசம் புடிக்கும்னா பாதிக்குப் பாதி கலந்து பூண்டு தூக்கலாப் போட்டு பண்ணிப் பாருங்க, பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தொட்டுக்க எனக்கு அதுதான் புடிக்குது, சுத்தமான ரெசிபிக்காரங்க திட்டுவாங்க, திட்டட்டும்.

தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஒரு வருஷத்துக்கு பச்சை முட்டை மயோனைஸ் தயாரிக்கவும் வெச்சிருக்கவும் விக்கவும் அரசு தடை போட்டது ஞாபகம் இருக்குமுங்க, சால்மோனெல்லா மாதிரி கிருமி பயந்தான் காரணம். வீட்லயும் பொடுசுங்களுக்கு குடுக்கறதுனா முட்டையை விட்டுட்டு பால்ல பண்ணிருங்க. காய்ச்சி ஆறவெச்சு ஃப்ரிட்ஜ்ல ஜில்லுனு ஆன பால் ஒரு பங்கு, வாசமில்லா எண்ணெய் ரெண்டு பங்கு, பூண்டு ஒரு பல்லு, உப்பு, கடுகுப்பொடி ஒரு சிட்டிகை. சட்னி ஜார்ல பாலை மொதல்ல போட்டு, மூடில இருக்கற ஓட்டை வழியா எண்ணெயை நூலு மாதிரி விட்டுட்டே அடிக்கோணும். மொதல்ல சளசளனு சத்தம் கேக்கும், திடீர்னு சத்தம் கம்மி ஆகி பிளேடு தெணறற மாதிரி இருக்கும், அப்ப நிறுத்திருங்க. எலுமிச்சை கடைசிலதான். ரொம்ப நேரம் ஓட்டினா ஜார் சூடாகி எண்ணெய் தனியா பாலு தனியா பிரிஞ்சுரும்.

தெனப்படி சமையலுக்கு இந்த வாசமில்லாததையே எல்லாத்துக்கும் ஊத்தறது எனக்கு சம்மதம் இல்லீங்க. அரிசிம்பருப்புக்கு கடலெண்ணெயோ தேங்காண்ணெயோ விட்டாத்தான் அது அரிசிம்பருப்பு. ஊறுகா, தொக்குக்கு நல்லெண்ணெய், அதுக்கு வெறும் ருசி மட்டும் காரணம் இல்லை, எள்ளுல இருக்கற சிசமால் மாதிரி பொருளுக எண்ணெயை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க விடாம காப்பாத்துது. கச்சாயம், முறுக்குனு சட்டி நெறைய காய வெச்சு சுடறதுக்குத்தான் ரீஃபைண்டு தோதா இருக்கும், செக்கு எண்ணெய்ல நிக்கற மண்டியும் ஈரமும் சூட்டுல சீக்கிரம் பொகையும், நுரைச்சுக்கிட்டும் வரும். சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்ப காய வெச்சா கெட்ட பொருள் சேந்துட்டே போகும், கடைக்காரங்க அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டின எண்ணெயை பயன்படுத்தக் கூடாதுனு மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலைல இருந்து விதி வெச்சிருக்குது. வீட்ல அளக்க மீட்டர் இல்லை, கருத்துப் போயி பிசுபிசுனு இருந்தா கீழ ஊத்திருங்க. ஹெல்த்தினு எந்த பாட்டில்ல போட்டிருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான், அதுல நல்லெண்ணெய், ரீஃபைண்டு, ஆலிவ்னு பேதமே இல்லை.

தமிழ்ல இதுக்கு என்ன சொல்லலாம்னா, எழுதும்போது "மணமில்லா எண்ணெய்"னு எழுதுங்க, படிக்கறவங்களுக்கு ஒடனே புரியும், ஆலைல நடக்கற வேலைக்கும் அதுதான் சரியா பொருந்துது. "சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய்"ங்கறது ரீஃபைண்டுக்கு மட்டும், பாமாயிலும் அந்த வகைதான், ஆனா மயோனைஸ்க்கு ஆகாது, அதனால ரெண்டையும் ஒண்ணா எழுதாதீங்க. பேச்சுல சொல்லோணும்னா எங்கூட்டுல சொல்றது "சப்பெண்ணெய்", சப்புனு இருக்கறதால. நல்லெண்ணெய், வெளக்கெண்ணெய் வரிசைல அழகா வந்து உக்காருது. பாட்டிலைத் திறந்து ரெண்டு சொட்டு உள்ளங்கைல விட்டுத் தேச்சு மோந்து பாருங்க, கையில எந்தச் செடியோட வாசமும் நிக்கலைனா அது சப்பெண்ணெய், நம்பி ஜார்ல ஊத்தலாம். சிக்கு வாடை அடிச்சா அந்த பாட்டிலை எதுக்கும் வெச்சுக்காதீங்க.