மெய்தொடு இயக்கம்

விளையாடுகிறவர்கள் ஒருவரையொருவர் தொட்டால்தான் திரையில் ஏதாவது நடக்கும் என்று சில வீடியோ கேம்களை அமைக்கிறார்கள். இந்த முறையைச் சிலர் ‘ஹாப்டிக்’ என்கிறார்கள். பொருந்தாது. தொடுதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த சொல்தான் அது. ஆனால் இன்றைய வழக்கில் போனோ கன்ட்ரோலரோ கையில் அதிர்வதையே குறிக்கிறது. அங்கே கருவி ஆளைத் தொடுகிறது, இங்கே ஆளை ஆள் தொடுகிறார்.

சென்னைத் தெருப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாக் அண்ட் கீ ஆட்டத்தில் பிடிக்க வருபவன் தொட்டால் லாக், கூட்டாளி தொட்டால் விடுதலை. வீடியோ கேமில் அந்தத் தொடுகையைக் கண்டுகொள்வது மின்சுற்று. 2012இல் வந்த மேக்கி மேக்கி என்ற, கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிறு மின்சுற்றுப் பலகையில் ஒருவர் எர்த் ஒயரையும் மற்றவர் ஸ்பேஸ் பாருக்கான ஒயரையும் பிடித்துக்கொண்டு கைகுலுக்கினால் சுற்று முழுமையாகிவிடும். யாரோ ஸ்பேஸ் பாரை அழுத்தினார்கள் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். உடம்பில் ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு, ஷாக்குக்கு வழியில்லை. உலர்ந்த தோலைவிட வியர்த்த தோல் நன்றாகக் கடத்தும். அந்த வகையில் மே மாதச் சென்னை தோதான ஊர்!

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஐம்புலன்களைச் சொல்லும் குறளில் தொடுஉணர்வுக்கு ‘ஊறு’ என்றிருக்கிறது. இன்று ஊறு என்றால் கேடு. விளையாட்டில் யாருக்கோ அடிபட்டதாகத் தோன்றும். ‘தீண்டல்’ அருமையான சொல். ‘மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்’ என்ற குறளில் அது குழந்தையைத் தொடும் சுகம். பிறகு அதன்மேல் பாம்பும் தீண்டாமையும் ஏறிக்கொண்டன. ‘தொடுவிசை’ கச்சிதமாக இருக்கும், ஆனால் பள்ளி அறிவியல் பாடம் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ‘தொடுகைக் கட்டுப்பாடு’ என்றாலோ தொடாதே என்று யாரோ தடை போட்டதுபோல் ஒலிக்கிறது.

என் தேர்வு ‘மெய்தொடு இயக்கம்’. தொல்காப்பியக் களவியலில் ‘மெய்தொட்டுப் பயிறல்’ என்று வருகிறது. காதலன் காதலியைத் தொட்டுப் பழகுவது அது. கேமுக்கு இரவல் வாங்கினால் குற்றமில்லை. மெய் என்பதால் திரையைத் தொடுவதல்ல, உடம்பைத் தொடுவது என்பதும் விளங்கிவிடும். தொடுதிரையைப்போல இதிலும் ‘தொடு’ வினைத்தொகையாக நிற்கிறது. ‘தொடுஇயக்கம்’ என்று சுருக்கினால் திரையைத் தொடுவதாகத் தோன்றும், ஆகவே முன்னால் உள்ள மெய்யையும் சேர்த்தே எழுதவேண்டும். அப்படி ஆடும் கேமை ‘மெய்தொடு ஆட்டம்’ எனலாம்.