சாஃப்ட்ஸ்விட்ச் – மென்னிணைப்பி

மரபுவழித் தொலைபேசி வலையமைப்பை, குரலையும் தரவையும் சிறு துண்டுகளாக, அதாவது பொதிகளாக, அனுப்பும் அடுத்த தலைமுறை வலையமைப்பாக மாற்றும் பணியில் அடிக்கடி அடிபடும் சொல் ‘சாஃப்ட்ஸ்விட்ச்’. இதிலுள்ள ‘ஸ்விட்ச்’ 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வளையும் மெல்லிய பிரம்பைக் குறித்தது. பின்னர் இருப்புப்பாதையில் தடம் மாற்றும் அமைப்புக்கும், மின்சுற்றைத் திறந்து மூடும் விசைக்கும், தொலைபேசிக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிக்கும் பெயரானது. ‘சாஃப்ட்’ என்பது ‘சாஃப்ட்வேர்’ தந்த முன்னொட்டு.

பழைய தொலைபேசி இணைப்பகத்தில் (எக்ஸ்சேஞ்ச்) அழைப்பை யாருக்கு இணைப்பதென்று முடிவெடுப்பதும் குரலைக் கடத்துவதும் ஒரே பொறியின் வேலைகள். இருவர் பேசினாலும் மௌனமாயிருந்தாலும், அழைப்பு முடியும்வரை நொடிக்கு 64 கிலோபிட் கொண்ட தடம் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அடுத்த தலைமுறை வலையமைப்பை வரையறுத்து பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ 2004இல் வெளியிட்ட ஒய்.2001 பரிந்துரையோ, சேவைக்கான செயற்பாடுகள் அடியிலுள்ள கடத்தல் நுட்பத்தைச் சாராதிருப்பதை அதன் இலக்கணமாகக் கூறுகிறது. இந்தப் பிரிப்பில், முடிவெடுக்கும் வேலை மட்டும் சேவையகத்தில் இயங்கும் மென்பொருளிடம் சென்றது, அதுவே சாஃப்ட்ஸ்விட்ச். குரலைப் பொதிகளாக மாற்றுவது ஊடக நுழைவாயில். அதற்கு சாஃப்ட்ஸ்விட்ச் இடும் கட்டளைகள் எச்.248 போன்ற நெறிமுறைகளில் செல்லும். பெயரில் ‘ஸ்விட்ச்’ இருந்தாலும், பொதுவாக இதன் வழியே குரல் செல்வதில்லை என்பது வேடிக்கைதான். அதனால்தான் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நுழைவாயில்களையும் ஒரே சாஃப்ட்ஸ்விட்ச் ஆள முடிகிறது. சந்தாதாரரின் தொலைபேசி எண்ணும் கருவியும் மாறாமலே இணைப்பகம் மாறிவிடுகிறது.

தமிழில் ‘மென்னிலைமாற்றி’ என்று சொல்லுக்குச் சொல் ஆக்கலாம். ஆனால் மென் + நிலைமாற்றி என்பது புணர்ந்தபின் ‘மென்னிலையை மாற்றுவது’ என்றும் பிரிந்து பொருள் தருகிறது. ‘மென்னிணைப்பகம்’ இதனினும் நெருக்கமானதே. எனினும் ‘அகம்’ இடத்தைச் சுட்டும் ஈறு, இந்தக் கருவியின் சிறப்போ குரல் செல்லும் இடத்தோடு கட்டுண்டு கிடக்காமை. ஆகவே செய்வதைச் சுட்டும் இகர ஈற்றுடன் ‘மென்னிணைப்பி’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. வடங்களைப் பொருத்தும் முனையையும் ‘இணைப்பி’ என்கிறோம்தான், ஆனால் ‘மென்’ என்ற அடை அந்த மயக்கத்தைப் போக்கிவிடும். ‘இணைப்பகம்’ பழைய பொறிக்கே உரியதாக நிற்கட்டும். ‘பழைய இணைப்பகத்தின் சந்தாதாரர்கள் மென்னிணைப்பிக்கு மாற்றப்பட்டனர்’ என எழுதும்போது எது பழைய பொறி, எது மென்பொருள் என்பது சொல்லிலேயே விளங்கும்.